ஆரோக்கியமேரியின் ‘ஆனா’

மேரி இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரம் போலத்தான் வந்து சேர்ந்தது.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பச்சைப் பின்னணியில் மேரியின் முகம், கீழ்மூலையில் அந்த எண்ணெய் நிறுவனத்தின் பெயர். பல வருடங்களாகப் பார்த்துச் சலித்த படம். ஏதோ தள்ளுபடி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் எங்கள் கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த தனலட்சுமி கூப்பிட்டாள்.

“பாத்தீங்களா மேடம்? மேரி மேடம் போயிட்டாங்க.”

மறுபடி அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். முகத்தைச் சுற்றி மாலை ஒன்றை வரைந்து சேர்த்திருந்தார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருந்தது. முகம் மட்டும் அதே பழைய முகம். வெள்ளிமலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ எடுத்தது. வாய் பாதி திறந்திருக்கும். அந்த வாய் அடுத்து என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முனைவர் ஆரோக்கியமேரியிடம் உயிர்வேதியியல் படித்தவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை நிலையங்களில், மருந்துக்கடைகளில், பள்ளிகளில் வேலை செய்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்பார்கள். மேரியைப் பற்றிப் பேச என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. இதில் வரும் மற்றவையெல்லாம் உயிரோடிருப்பவர்களைப் பற்றியவை.

கல்லூரியில் நான் தமிழ்த்துறை. என்னைவிடச் சில வயது இளையவரான மேரி, பெருநகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பி எங்கள் கல்லூரியில் சேர்ந்தவர். நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டும் குடும்பம் அவருடையது. அப்பா சிறுவயதிலேயே போய்விட, அண்ணன் அந்தோணிசாமி வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு தங்கையைப் பள்ளிக்கு அனுப்பினார். இதை மேரி யாரிடமும் மறைத்ததில்லை, பெருமைக்காகவும் சொன்னதில்லை. “எங்கண்ணன் வெட்டுன கரும்புல வந்த சர்க்கரைய எத்தினி பேரு தின்னாங்களோ. அதுல நான் ஒருத்திதான் சர்க்கரையப் பத்திப் படிச்சேன்” என்பார்.

ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஆசிரியர் அறையில் நான் எலுமிச்சை சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருசந்தி நோன்பு இருந்த மேரி எதிரில் வெறும் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்.

“காலையிலேருந்து நான் ஒண்ணும் சாப்புடல கலாக்கா. இத என் கல்லீரலுக்கு யாரு சொல்லியிருப்பாங்க, சொல்லுங்க பாக்கலாம்.”

“மூளை” என்றேன்.

“மூளையும் சொல்லும். ஆனா கொழுப்பே நேராப் போயி சொல்லுது, அதான் அழகு.”

பிறகு அவர் விளக்கினார். உணவு இல்லாதபோது, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் இறங்குகிறது. அது கல்லீரலின் செல்லுக்குள் நுழைகிறது. செல்லின் உட்கருவில் மரபணுக்களின் பக்கத்திலேயே சில புரதங்கள் காத்திருக்கின்றன. அந்தப் புரதத்தில் ஒரு குழிவு. கொழுப்பு அமிலம் அந்தக் குழிவில் போய் உட்கார்ந்ததும் புரதத்தின் உருவம் கொஞ்சம் திரும்புகிறது. அதுவரை மரபணுவைப் படிக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தவை விலகுகின்றன. படிப்பதற்கு உதவுகிறவை வந்து சேர்கின்றன. அந்த மரபணு படிக்கப்பட்டு, கொழுப்பை எரிக்கத் தேவையான நொதிகள் செல்லுக்குள் உருவாகத் தொடங்குகின்றன. தன்னை எரிக்கும் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிக் கொழுப்பே ஆள் அனுப்புகிறது.

“இத்தினி நாளா கொழுப்ப வெறகுன்னு மட்டும் நெனச்சிக்கினு இருந்தாங்க. அது வெறகும்தான், சேதியும்தான்” என்றார் மேரி. எலுமிச்சை சோற்றில் மிதந்த எண்ணெயை நான் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் தமிழ் நடத்திய எனக்கு, சாப்பிடும் பொருளே உடம்புக்குள் ஒரு சொல்லாகப் போகிறது என்பது பெரிய செய்தியாக இருந்தது.

அன்றிலிருந்து அவருடைய பாடத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் வேலை என்னுடையதாயிற்று. அந்தப் புரதத்துக்கு ‘ஏற்பி’ என்பதில் இருவருக்கும் தகராறில்லை. தகராறு வந்தது உவமையில். கொழுப்பு அமிலத்தைச் சாவி என்றும் ஏற்பியைப் பூட்டு என்றும் எழுதிக் கொடுத்தேன். பாடப்புத்தகங்களில் அப்படித்தானே இருக்கிறது. மேரி தலையை ஆட்டிவிட்டார்.

“பூட்டு வேணாங்க்கா. பூட்டுன்னா ஒரே சாவிதான் சேரும். இதுல குழி பெருசு. பலவிதமான கொழுப்பு வந்து ஒக்காரும், கொஞ்ச நேரத்துல எழுந்து போயிடும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி. சாவின்னு எழுதுனா, சாவிய விக்கறதுக்கு ஒருத்தன் வந்துடுவான்.”

அது வெறும் வேடிக்கைப் பேச்சு. அப்படியே நடக்கும் என்று அவருக்கும் தெரியாது.

கல்வராயன் மலையில் பேயெள்ளு விளைகிறது. மஞ்சள் பூ பூக்கும், கருப்பாகச் சிறிய விதை. மலைமக்கள் அதில் எண்ணெய் எடுத்துச் சமைக்கிறார்கள். அந்த எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் ஏற்பிகளை எவ்வளவு எழுப்புகின்றன என்று பார்க்க மேரி விரும்பினார். மாணவிகளோடு ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போய் விதை வாங்கிவந்து, கல்லூரியின் சிறிய ஆய்வுக்கூடத்திலும் பழைய நண்பர்களின் பெரிய ஆய்வுக்கூடத்திலுமாகப் பல காலம் வேலை செய்தார். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் ஏற்பி எழுந்தது. கொஞ்சமாக எழுந்தது. நிலக்கடலை எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் எழுவது போலத்தான். மேரி இதில் ஏமாற்றம் அடையவில்லை. “கம்மின்னு தெரிஞ்சிக்கினதும் தெரிஞ்சிக்கினதுதான்” என்றார்.

விதை கொடுத்த மக்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டதால், வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம் ஏற்பாடானது. பேச்சை இருவரும் சேர்ந்து எழுதினோம். அதில் ‘ஆனா’ என்ற சொல் மிகுதியாக இருப்பதாக நான் சொன்னேன். கேட்பவர்களுக்கு இடறும் என்றேன். மேரி ஒன்றையும் எடுக்கவிடவில்லை. “ஆனா போச்சின்னா அறிவியலும் போச்சி கலாக்கா. மிச்சம் வெறும் வியாபாரம்தான்.”

கூட்டத்தில் அவர் பேசியது எனக்கு இன்றும் வரிவரியாக நினைவிருக்கிறது. “ஒங்க பேயெள்ளு எண்ணெயில இருக்கற கொழுப்பு, சர்க்கரைக்குக் குடுக்கற மாத்திரையில ஒரு வகை போய் ஒட்டுதே, அதே எடத்துல போய் ஒட்டுது. நம்ம மரபணு வேலைய அது மாத்துது” என்றார். கூட்டத்தில் சலசலப்பு. கையை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டுத் தொடர்ந்தார். “ஆனா, எல்லா சமையல் எண்ணெயும் அதத்தான் செய்யுது. ஆனா, மாத்திரை புடிச்சா விடாது, எண்ணெய் வந்த வேகத்துல போயிடும். தட்டுல வளக்கற செல்லுல பாத்தது இது. மனுசங்க ஒடம்புல நாங்க பாக்கல. அதனால இதக் கேட்டுட்டு யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க. ஒங்க எண்ணெய் நல்ல எண்ணெய். அது மருந்து இல்ல.”

முன்வரிசையில் எங்கள் கல்லூரியின் தாளாளர் உட்கார்ந்திருந்தார். அவருடன் வந்த ஒருவர் பேச்சைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் தாளாளரின் குடும்பத்தார் எண்ணெய் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். மலையிலிருந்து பேயெள்ளு லாரி லாரியாக இறங்கியது. விளம்பரம் கைப்பேசிகளில் வந்தது, கேபிள் டிவியில் வந்தது, சேலம் பேருந்துகளில் ஓடியது. பச்சை மலை, ஒரு துளி எண்ணெய், பிறகு மேரியின் முகம். “சர்க்கரைக்குக் குடுக்கற மாத்திரையில ஒரு வகை போய் ஒட்டுதே, அதே எடத்துல போய் ஒட்டுது. நம்ம மரபணு வேலைய அது மாத்துது.” அதோடு அவர் குரல் நின்று இசை தொடங்கும். ‘மரபணுவின் சாவி’ என்று எழுத்து வரும்.

மேரி என்னையும் அழைத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார். தாளாளர் மரியாதையாகத்தான் பேசினார். எழுந்து நின்று வரவேற்றார்; காபி வரவழைத்தார்.

“நீங்க சொன்னதுதானம்மா? நாங்க ஒரு வார்த்த சேக்கலியே” என்றார்.

“சேக்கலீங்க சார். எடுத்துட்டீங்க.”

“விளம்பரம்னா சுருக்கித்தானம்மா போடணும். இது நம்ம ஊருப் பொருளு. மலையில இருக்கறவன் நாலு பேரு பொழைப்பான். ஒங்களுக்கும் பேரு. புதுசா ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன். ஒங்க பேர்லயே தெறக்கலாம்.”

“என் குரல எடுத்துடுங்க சார். எண்ணெய வித்துக்கோங்க, நல்ல எண்ணெய்தான். மாத்திரைன்னு நான் சொல்ற அந்த எடத்த மட்டும் எடுத்துடுங்க.”

“அத எடுத்தா அதுல இன்னாம்மா இருக்கும்?”

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே அது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. காபியைக் குடிக்காமல் நாங்கள் எழுந்து வந்தோம்.

மேரி சும்மா இருக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார். பாட்டிலில் சமையல் எண்ணெய் என்றுதான் அச்சாகியிருக்கிறது, மருந்து என்று எங்கும் இல்லையே என்றார்கள். போலீசுக்குப் போனார். விளம்பரத்தில் பேசுவது நீங்கள்தானே என்றார்கள். ஆமாம். பேசச் சொல்லி யாராவது மிரட்டினார்களா என்றார்கள். இல்லை. அப்புறம் என்ன புகார் என்றார்கள். தன் சொல்லைத் தன்னிடமிருந்தே மீட்க வேண்டும் என்று ஒருவர் புகார் கொடுக்க நம்மிடம் அலுவலகம் எதுவும் கிடையாது.

அவருடைய அண்ணன் விஷயம் இதற்கிடையில்தான் தெரிய வந்தது. மேரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா காலமான பின் கள்ளக்குறிச்சியில் தனியாக இருந்தார். அண்ணன் நைனார்பாளையத்தில். அவருக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். ஒருநாள் அண்ணி போன் செய்து, அண்ணனுக்குக் காலில் புண் ஆறவில்லை என்றார். நானும் மேரியோடு போனேன். வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை. அந்தோணிசாமி அண்ணன் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, தங்கையைப் பார்த்ததும் சிரித்தார். தலைமாட்டில் அந்த எண்ணெய் பாட்டில்.

மேரி துணியைப் பிரித்துக் காலைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார்.

“இது இன்னாண்ணா?”

“ஒன் எண்ணெதான் பாப்பா. தெனம் காலையில வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூனு. தெருவுல எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கேன், எந்தங்கச்சி கண்டுபுடிச்சதுன்னு.”

“மாத்திரை?”

“அத நிறுத்தி ரொம்ப நாளாச்சே. நீதான சொன்ன, ரெண்டும் ஒரே எடத்துல போய் ஒட்டுதுன்னு. எண்ண இருக்கச்சொல மாத்திரை எதுக்குன்னு வுட்டுட்டேன்.”

“நிறுத்தாதீங்கன்னு சொன்னனேண்ணா. அதுக்கப்புறம் நான் பேசுனத நீ கேக்கலயா?”

அண்ணன் யோசித்தார். “அதுக்கப்புறம் பாட்டுதான பாப்பா போட்டாங்க” என்றார்.

மேரி காலைத் துணியால் மறுபடி சுற்றினார். அண்ணி ஆட்டோ பிடிக்க ஓடினார். வெளியே வந்து நின்றபோதுதான் மேரி என்னிடம் சொன்னார்: “அண்ணன் சாப்ட மாத்திரை அந்த வகைகூட இல்ல கலாக்கா. அது ஒட்டற எடமே வேற. நான் சொன்னதுக்கும் அவரு மாத்திரைக்கும் சம்மந்தமே கெடையாது.” ஆட்டோ வந்ததும் அண்ணனைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்.

சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அண்ணன் முதலில் கேட்டது, “ஒனக்கு லீவு குடுத்தாங்களா?” என்பது. அவர் ஒரு நாளும் தங்கையைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேரிக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு மேரி ஒரு துண்டுத்தாள் அச்சடித்தார். தமிழைச் சரிபார்த்தது நான். ‘விளம்பரத்தில் வரும் ஆரோக்கியமேரி நான்தான். என் பேச்சைப் பாதியில் வெட்டியிருக்கிறார்கள். மீதி இது’ என்று தொடங்கி, வெள்ளிமலையில் பேசியதை முழுதாகப் போட்டு, கடைசியில் ‘மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கொடுத்தார். பலர் வாங்கி, அதில் வேர்க்கடலைத் தோலை மடித்துப் போட்டார்கள். சிலர், “அந்த எண்ணக்காரம்மாதான நீங்க?” என்று சிரித்து, அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, “அப்ப எண்ண எங்க கெடைக்கும்னு இதுல போடலியே மேடம்” என்று கேட்டார். மேரி அவரை உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மாவின் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்து வரும்வரை சொன்னார்.

அந்தக் கல்வியாண்டின் முடிவில் உயிர்வேதியியல் பாடப்பிரிவை மூடினார்கள். சேர்க்கை குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அதில் பொய்யில்லை. சேர வந்த பிள்ளைகளை வேறு பிரிவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் சேர்க்கை குறையத்தான் செய்யும். மற்றவர்களுக்கெல்லாம் வேறு துறைகளில் இடம் கிடைத்தது. மேரிக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தாளாளரைப் பார்த்தோம். “அவங்கள யாரும் போவச் சொல்லலியே. பாடமே இல்லாதப்ப வாத்தியாருக்கு இன்னா வேல?” என்றார். ஆய்வுக்கூடத்தில் மேரி அங்குமிங்கும் கேட்டு வாங்கிச் சேர்த்த கருவிகளை ஒரு நாள் வண்டியில் ஏற்றினார்கள். எண்ணெய் ஆலையில் தரம் பார்க்கும் அறை ஒன்றை அமைக்கிறார்கள் என்று தனலட்சுமி சொன்னாள்.

மேரி சின்னசேலத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தப் போனார். காலையில் பேருந்தில் போய் மாலையில் திரும்புவார். ஆராய்ச்சி அதோடு நின்றது. ‘நின்றது’ என்று எழுதுவது கூசுகிறது. நிறுத்தினார்கள் என்பதே சரி. பட்டினிக் காலத்தில் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலில் எந்தெந்த மரபணுக்களை எந்த வரிசையில் எழுப்புகின்றன, நாள்தோறும் ஒரே எண்ணெயை உண்பவர்களிடம் அந்த வரிசை மாறுகிறதா என்று பார்க்க அவருக்கு ஆசை இருந்தது. மலையில் வருடத்தில் சில மாதங்கள் அரைவயிறாக இருந்து பழகிய மக்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டு, அவர்கள் ஒப்புதலோடு செய்ய வேண்டும் என்பார். “நம்ம பட்டினியப் பத்தி வெள்ளக்காரன் எலியில பாத்துச் சொல்றான். நம்மள நாமே பாத்துக்க வேணாமா?” அந்தக் கேள்விக்கான பதில் உலகத்தில் எங்காவது ஒருநாள் வரும். மேரியிடமிருந்து வராது.

பள்ளியில் சேர்ந்த பிறகும் விடுமுறை நாள்களில் மலைக்குப் போய்வந்தார். ஒருமுறை நானும் போனேன். வெள்ளிமலையில் ஜீப்பை விட்டு இறங்கியதும், முதன்முதலில் அவருக்கு விதை கொடுத்த குப்பம்மாள் எதிரே வந்தார். அந்த அம்மாளுக்குப் பேச்சு நறுக்கென்று இருக்கும்.

“நீ வந்து பேசிட்டுப் போனப்புறம் எள்ளுக்கு வெல ஏறிச்சி. வித்துட்டோம். இப்ப நாங்க கடையில பாக்கெட்டு எண்ண வாங்கிச் சமைக்கறோம். ஒன்னால எங்களுக்கு நல்லதா கெட்டதான்னு தெரியல போ.”

“எனக்கும் தெரியலங்க” என்றார் மேரி.

ஒரு விஞ்ஞானி பொதுமக்களிடம் ‘எனக்கும் தெரியல’ என்று சொல்லி நான் கேட்டது மேரியிடம் மட்டும்தான். குப்பம்மாள் அதற்காகவே அவரை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாமைச்சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும், அந்த வீட்டில் யார் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று மேரி கேட்டு, ஒவ்வொரு அட்டையாக வாங்கிப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் ஜீப் வளைவு வளைவாகத் திரும்பிக்கொண்டிருக்க, என் தோளில் சாய்ந்து தூங்கினார். அத்தனை களைப்பு.

“ஒங்களுக்குக் கோவமே வராதா மேரி?” என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

“வருது. வந்தா அன்னிக்கி நாலு பேருக்குச் சொல்ல முடியறதில்ல. அதான் வெச்சிக்கறதில்ல” என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை, சின்னசேலம் பள்ளியில் செய்முறைத் தேர்வுக்குக் குடுவைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிப்பதாகச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. இன்னும் வேலையில் இருக்க வேண்டிய வயது.

நைனார்பாளையத்தில் அண்ணன் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். பழைய மாணவர்கள் நிறைய வந்திருந்தீர்கள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கும் முன், ஒரு வண்டியில் நிறுவனத்தின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆளுயர மலர்வளையம். அதன் குறுக்கே நிறுவனத்தின் பெயர் போட்ட பட்டைத் துணி. உள்ளூர் இளைஞர்கள் சிலர் எழுந்து வழிமறித்தார்கள். பெரிய சண்டையாகியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தோணிசாமி அண்ணன், ஊன்றுகோலை எடுத்து நிமிர்ந்து நின்றார்.

“வுடுங்கப்பா” என்றார் இளைஞர்களிடம். பிறகு வந்தவர்களைப் பார்த்து, “வெச்சிட்டுப் போட்டோ எடுத்துக்கினு போங்க. அதுக்குத்தான வந்தீங்க. அவதான் இனிமே எழுந்து, ஆனா அப்டின்னு சொல்ல மாட்டாளே” என்றார்.

அவர்கள் வளையத்தை வைத்தார்கள். ஒருவர் கைப்பேசியை எடுத்தார்; எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணன் திரும்ப உட்காரும்போது மடித்துக் கட்டிய வேட்டியின் கீழே ஒரு கால் மட்டும் தரையில் பட்டது. அதை அவர்களும் பார்த்தார்கள். பார்த்ததால் எதுவும் ஆகிவிடவில்லை.

பிறகு கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பேச என்னை அழைக்கவில்லை; நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். “ஆரோக்கியமேரி எங்க குடும்பத்துப் பொண்ணு மாதிரி” என்றார் தாளாளர். மலை எண்ணெயின் மகத்துவத்தை உலகுக்குச் சொன்ன விஞ்ஞானி என்றார். புதிய கட்டடத்துக்கு அவர் பெயரை வைக்கப் போவதாக அறிவித்தார். கைதட்டினார்கள். பாடப்பிரிவை மூட முடிவெடுத்த எல்லோரும் அன்று அந்த மேடையில் இருந்தார்கள். ஒருவருக்கும் தொண்டை அடைக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு வகுப்பறை கொடுக்க முடியாதவர்கள், செத்த பிறகு கட்டடமே கொடுக்கிறார்கள். கட்டடம் வாய் திறந்து பேசாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையை அந்தக் கூட்டத்தில் பேச முடியாத பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மேரியிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய மளிகைக் கடை ஒன்றில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அந்த எண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் மாத்திரை அட்டையின் ஓரம் தெரிந்தது. நான் இயல்பில் கூச்சக்காரி. வகுப்புக்கு வெளியே தெரியாதவர்களிடம் பேசியதே கிடையாது. எப்படி அவர் பக்கத்தில் போய் நின்றேன் என்று தெரியவில்லை.

“சர்க்கரைக்கா வாங்கறீங்க?”

“ஆமாங்க. நல்லதுன்னு சொல்றாங்க.”

“சமையலுக்கு நல்ல எண்ணெய்தாங்க. அத நம்பி மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைக்காரரும் பார்த்தார். “நீங்க டாக்டரா?” என்றார் அவர்.

“இல்லீங்க. தமிழ் டீச்சர்.”

“அப்ப ஒங்களுக்கு எப்டித் தெரியும்?”

சொன்னேன். பாட்டிலில் இருந்த முகத்தைக் காட்டி, இவர் என் தோழி என்று தொடங்கி, பசி எடுத்தால் கல்லீரலுக்கு யார் சேதி சொல்கிறார்கள் என்பதிலிருந்து அந்தோணிசாமி அண்ணனின் கால் வரைக்கும் சொன்னேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைக்காரர் இரண்டு தரம் கனைத்தார். அந்த மனிதர் கடைசிவரை கேட்டுவிட்டு எண்ணெயை வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது திரும்பி, “மாத்திரைய வுடலீங்க, போட்டுக்கறேன்” என்றார்.

சொன்னபடி செய்வாரா என்பது தெரியாது. ஆனால் அந்தக் கடைக்குள் நின்று, கேட்காதவரிடம் வலியப் போய்ப் பேசி, முகம் சிவக்க முழுவதையும் சொல்லி முடித்த அந்த வெட்கமின்மை என்னுடையது அல்ல. மேரியுடையது. அவர் இருந்தவரை இப்படிச் சொல்லும் வேலையை அவரே பார்த்துக்கொண்டார். இனி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாவட்டம் பெரியது. என் ஒருத்திக்குக் காலும் போதாது, தொண்டையும் போதாது.